பூச்சி தொடாத இலைகள்

அந்த ஊரில் ஒரு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களின் வீட்டுக்குப் போனால், சுவரில் மாட்டியிருக்கும் படங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒருத்தருக்கும் முகப்பரு இருக்காது. மாப்பிள்ளைக்குத் தொந்தி இருக்காது. பெண்ணின் பெரியப்பாவுக்கு வழுக்கைகூட ஒரு மரியாதையான இடத்தோடு நின்றிருக்கும். ஊரே அத்தனை லட்சணம் என்று நினைத்து ஏமாந்துவிட வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. படம் எடுத்தவர் கணவர். எடுத்த படத்தைப் பார்க்கிற மாதிரி ஆக்கியவர் மனைவி. அவருக்கு டச்சப் அக்கா என்று முதலில் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அக்காவின் கண்ணுக்கு ஒரு வியாதி. எங்கே போனாலும் குறைதான் முதலில் தெரியும். வங்கியில் பணம் கட்டப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அதிகாரியின் இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறதே என்று கை பரபரக்கும். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி படுத்துக்கொண்டு, டாக்டரின் தாடையில் இருக்கும் தழும்பை மனசுக்குள்ளேயே அழித்துக்கொண்டிருப்பார். மற்றபடி தங்கமான மனுஷி. யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார். சொல்வானேன், அழித்துவிட்டால் போயிற்று என்பதுதான் அவருடைய கொள்கை.

பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், போனே எல்லோரையும் சிவப்பாக்கி, கன்னத்தைச் செதுக்கி, கண்ணை அகலமாக்கிக் கொடுத்துவிட்டது. அதற்கு எதற்கு ஒரு ஸ்டுடியோ, எதற்கு ஒரு அக்கா? ஸ்டுடியோவை மூடிய அன்று கணவர் ரொம்ப நேரம் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஒரு பேனர் அடிக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அக்கா வீட்டில் உட்கார்ந்து சுவரில் விழுந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழக விளம்பரத்தைக் கண்டுபிடித்து வந்தவர் கணவர்தான். ஹெர்பேரியத்தில் படம் எடுக்க ஆள் தேவை, ஒரு வருட ஒப்பந்தம். ஹெர்பேரியம் என்றால் காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டி, அலமாரி அலமாரியாக அடுக்கிப் பாதுகாக்கிற இடம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். நேர்காணலில் அந்த இடத்தின் பொறுப்பாளர், எல்லோரும் மேடம் என்று கூப்பிடுகிறவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்: "செடியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அக்கா பொய் சொல்லிப் பழகாதவர். "தொட்டியில ஒரு ரோஜா வச்சேன் மேடம். செத்துப்போச்சு. இன்னொண்ணு வச்சேன். அதுவும் செத்துப்போச்சு."

"பரவாயில்ல. இங்க எல்லாமே செத்ததுதான். திங்கக்கிழமை வாங்க."

அந்தக் கட்டடத்தில் ஜன்னல்கள் குறைவு. நீளமான அறை, இரண்டு பக்கமும் சாம்பல் நிற இரும்பு அலமாரிகள், காகிதமும் பழைய மருந்தும் கலந்த ஒரு வாசனை. வெளியே எத்தனை வெயில் அடித்தாலும் உள்ளே சால்வை போர்த்திக்கொள்ளத் தோன்றும். சாப்பாட்டுப் பை உள்ளே வரக்கூடாது. புதுச் செடி எதுவானாலும் முதலில் குளிர்ப்பெட்டியில் கிடந்து, ஒட்டிக்கொண்டு வந்த பூச்சியெல்லாம் செத்த பிறகுதான் படியேறும். வாசலில் இருந்த பசைக்காரர் இதையெல்லாம் அக்காவுக்கு ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்தார். செடியைத் தாளில் ஒட்டுவது அவர் வேலை. மெல்லிய இலைக்குப் பசை, தடித்த தண்டுக்கு ஊசி நூல், உதிர்ந்து விழுகிற துணுக்குக்குத் தாளின் மூலையிலேயே ஒரு மடித்த காகித உறை. "ஒரு இதழ் விழுந்தாலும் பொறுக்கி அந்த உறையில போட்டுரணும். இங்க குப்பைத்தொட்டி ஒண்ணு பேருக்கு இருக்கு, அவ்வளவுதான்," என்றார்.

அக்காவுக்கு ஒரு மேஜை, அதன் மேலே தலைகுனிந்து பார்க்கிற கேமரா, இரண்டு பக்கமும் விளக்கு, பக்கத்தில் ஒரு கணினி. தாளைப் புத்தகப் பக்கம் மாதிரிப் புரட்டக்கூடாது, இரண்டு கையாலும் தட்டில் ஏந்துகிற மாதிரி ஏந்தித்தான் வைக்க வேண்டும். அளவுகோலையும் நிற அட்டையையும் ஓரத்தில் வைத்து, மூச்சைப் பிடித்து, ஒரு சொடுக்கு. பிறகு அடுத்த தாள்.

முதல் வாரத்திலேயே அக்காவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. இத்தனை வருஷத்தில் அவருக்கு இவ்வளவு நல்ல வாடிக்கையாளர்கள் வாய்த்ததே இல்லை. கண்ணை மூட மாட்டார்கள். கடைசி நேரத்தில் தும்ம மாட்டார்கள். "என் மூக்கு ஏன் இப்படி வந்திருக்கு?" என்று சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனாலும் பழக்கதோஷம், தாளை வைக்கும்போது, "தலையைக் கொஞ்சம் நிமிர்த்தும்மா… ஆங், அப்படியே இரு," என்று சொல்லாமல் அவரால் சொடுக்க முடியவில்லை. அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பசைக்காரர், "அக்கா, அது சிரிக்குதா பாருங்க," என்று குரல் கொடுப்பார்.

வருஷக் கடைசியில் ஒரே ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றும், அதை ஒரு குழு வந்து பார்த்து முடிவு செய்யும் என்றும் மேடம் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அந்த நாற்காலி வேண்டும். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, காலையில் பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் மனசில் ஓடியது அது ஒன்றுதான். இனியும் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

அதனால்தான் வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தார். அங்கேதான் வினை வந்தது.

முதல் வரிசை அலமாரியில் இருந்தவை ஒரே குடும்பத்துச் செடிகள். உயிரோடு இருந்த காலத்தில் பாவம், புழுவும் வண்டும் அவற்றை ஒரு வழி பண்ணியிருந்தன. இலை ஓரமெல்லாம் கடித்த பிறைகள். நடுவில் சல்லடை மாதிரி ஓட்டைகள். கணினித் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அக்காவுக்கு மனசே ஆறவில்லை. இதை இணையத்தில் போட்டு உலகத்துக்கே காட்டப் போகிறார்களாம். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கணவரின் ஸ்டுடியோவிலிருந்து எடுத்து வந்த மென்பொருள் கணினியில் இருந்தது. கை சும்மா இருக்குமா? ஓட்டையை நிரப்பினார். கடிபட்ட ஓரத்தை அடுத்த பக்கத்து ஓரத்தைப் பார்த்து வளைத்துக் கொண்டுவந்தார். நரம்புகளைக்கூட விட்டுவிடவில்லை, எந்த நரம்பு எங்கே போய் முடிந்திருக்கும் என்று தொடர்ந்து போய்ச் சேர்த்துவிட்டார். சரிசெய்த படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேமித்தார். ஸ்டுடியோ கணினியில் இடம் பத்தாமல் பழகிய பழக்கம் அது. மேடம் வந்து தாளின் எண்ணையும், செடியின் பெயர் எழுதிய சீட்டையும் மட்டும் சரிபார்த்துவிட்டு, "கொஞ்சம் மெதுவாப் போகுது, ஆனா படம் பளிச்சுன்னு இருக்கு," என்று சொன்னபோது அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அந்தப் படங்களுக்காகக் காத்திருந்தவள் ஒரு ஆராய்ச்சி மாணவி. அந்தக் காலத்தில் பூச்சிகள் செடிகளை எவ்வளவு தின்றன, இப்போது எவ்வளவு தின்கின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. பழைய இலைகளில் கடித்த இடங்களை எண்ணுவதுதான் அவளுக்குத் தவம். பசைக்காரர் அவளுக்குப் பூச்சிப் பொண்ணு என்று பெயர் வைத்திருந்தார். அவளும் கோபித்துக்கொள்ளாமல் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்தாள்.

முதல் வரிசை முடிந்து கொஞ்ச நாள் கழித்து, தேநீர் அறையில் எல்லோரும் இருந்தபோது அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மேடம், நம்பவே மாட்டீங்க! முதல் வரிசை முழுக்கப் பார்த்துட்டேன். ஒரு இலையில கூட கடி இல்ல. ஒண்ணே ஒண்ணுல கூட இல்ல! இந்தக் குடும்பத்துச் செடியைப் பூச்சி தொட்டதே கிடையாது. இதுக்குள்ள ஏதோ விஷம் இருக்கு மேடம். இதை நான் அடுத்த மாசமே எழுதப் போறேன்!"

மேடத்தின் முகம் மலர்ந்தது. பசைக்காரர் வாயைப் பிளந்தார். "அப்படியா? நான் பிஞ்சதை மறுபடி ஒட்டும்போது ஓட்டை பார்த்த மாதிரி ஞாபகம்…" என்று அவர் இழுத்தபோது, அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்டுடியோவில் யாராவது படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தால் அவர் முகத்தில் வருமே ஒரு வெட்கம் கலந்த பெருமை, அது வந்துவிட்டது.

"இருந்துச்சுண்ணே. ஏகப்பட்ட ஓட்டை. நான்தான் எல்லாத்தையும் சரி பண்ணேன்," என்றார். "தெரியலைல்ல?"

பூச்சிப் பொண்ணின் முகம் அப்படியே சுண்டிப்போனது. அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பாராட்டு வருகிற வழியைக் காணோம். ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்பது மட்டும் புரிந்து, கையில் இருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அக்காவைக் கூட்டிக்கொண்டுபோய் முதல் அலமாரியைத் திறந்து ஒரு தாளை வெளியே எடுத்தார். திரையில் அதே செடி, கடையிலிருந்து இப்போதுதான் வாங்கி வந்த மாதிரி முழுசாக நின்றது. தாளில் அது கந்தலாகக் கிடந்தது. மேடம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் தாளை வெளிய எடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒண்ணு உதிரும். இனிமே எடுக்கவே வேண்டாம்னுதான் படமே எடுக்கிறோம். இப்போ மறுபடி அத்தனையும் வெளிய எடுக்கணும்."

"எதையும் தொடக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே மேடம்…"

"தாளைப் புரட்டாதீங்கன்னு சொன்னேன். பேனாவோட உள்ள வராதீங்கன்னு சொன்னேன். இலைக்கு மேக்கப் போடாதீங்கன்னு சொல்லணும்னு எனக்கு எப்படித் தோணும்?" என்றார் மேடம். கோபத்தோடு ஆரம்பித்த வாக்கியம்தான், முடியும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது போல. திரும்பிக்கொண்டார். ஆனால் அறையை விட்டுப் போகும்போது சிரிப்பு இல்லை. "குழு வரும்போது நான் இதை மறைக்க முடியாது. அதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க."

அன்றைக்குப் பேருந்தில் அக்கா இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து முதல் வரிசையை மறுபடி எடுக்கிற வேலை. இந்த முறை அக்கா தாளை வைக்கும்போது நிமிரச் சொல்லவில்லை, சிரிக்கச் சொல்லவில்லை. பசைக்காரர் பக்கத்திலேயே நின்று, உதிர்ந்ததையெல்லாம் இடுக்கியால் பொறுக்கி உறைக்குள் போட்டார். பூச்சிப் பொண்ணு முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, கைக்கு எட்டிய கண்டுபிடிப்பைக் காற்றில் பறக்கவிட்டவள். ஆனால் அக்காவிடம் எத்தனை நேரம்தான் கோபமாக இருக்க முடியும்?

"இதுல அஞ்சு ஓட்டை இருக்கணுமே," என்று அக்கா தாளைத் திறக்கும் முன்னாலேயே சொல்வார். "ரெண்டு பெருசு, மத்தது சின்னது. அந்தப் பெரிய ஓட்டையை அடைக்க நான் பட்ட பாடு இருக்கே, ஒரு வேளை சாப்பாடு போச்சு."

திறந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கும். பூச்சிப் பொண்ணு சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். முடியவில்லை. அந்த வார முடிவில் இருவரும் வெளியே இருந்த சாப்பாட்டு மேஜையில் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வரிசை முடிந்தது. புதுப் படங்கள் எல்லாம் உள்ளபடி, கடியும் கிழிசலுமாக வந்துவிட்டன. பழைய படங்கள் ஒரு கோப்பில் தனியாக இருந்தன. அக்கா மேடத்திடம் போய் நின்று, மென்று விழுங்கி, "அந்தப் பழசை எல்லாம் அழிச்சிரட்டா மேடம்?" என்று கேட்டார்.

"கூடாது."

"தப்பான படம்தானே மேடம்?"

மேடம் எழுந்துபோய் ஒரு அலமாரியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சின்னச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஒரு செடிக்கு யாராவது தப்பான பெயர் சொல்லிவிட்டால், பின்னால் வருகிறவர் அந்தச் சீட்டைக் கிழிப்பதில்லை. சரியான பெயரைத் தன் சீட்டில் எழுதி, தன் பெயரையும் தேதியையும் போட்டுக் கீழே ஒட்டுவார். தப்பும் திருத்தமும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும். ஹெர்பேரியத்தில் அது எழுதாத சட்டம்.

"முதல் சீட்டு எங்க வாத்தியார் எழுதினது. தப்பு. அவர் தப்புன்னு சொல்லி நான் எழுதினது ரெண்டாவது. அப்போ நான் மாணவி. எழுத்தைப் பாருங்க, எவ்வளவு கர்வமா நிக்குது! அதுவும் தப்பு. மூணாவது, வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வந்து எங்க ரெண்டு பேரையும் திருத்திட்டுப் போனது."

அக்கா அந்தக் கர்வமான எழுத்தைக் குனிந்து பார்த்தார். "இதைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே மேடம்? சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"ஒரு தடவை கிழிக்கணும்னுதான் அலமாரியைத் திறந்தேன். அப்புறம் வாத்தியாரோட தப்பு மட்டும் தனியா மாட்டிக்கிட்டு நிக்குமேன்னு விட்டுட்டேன்," என்றார் மேடம். "உங்க பழைய படமும் புதுப் படத்துக்குப் பக்கத்துலயே இருக்கும். என்ன பண்ணோம், யார் பண்ணாங்கன்னு ஒரு குறிப்பு எழுதி அது கூடச் சேர்த்துருங்க."

வாழ்நாள் முழுவதும் குறையை அழித்தவரிடம், உன் குறையை நீயே எழுதிக் கையெழுத்துப் போடு என்றால் எப்படி இருக்கும்? அதுவும் குழு வரப்போகிற நேரத்தில்.

அடுத்த நாள் மேடம் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போனார். மதியம் அறையில் அக்காவும் பசைக்காரரும் மட்டும். பசைக்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "அழிச்சிருங்க அக்கா. கை தவறி அழிஞ்சுபோச்சுன்னு சொன்னா முடிஞ்சுது. நானும் பார்த்தேன்னு சொல்றேன்."

"பொய் சாட்சி சொல்வீங்களாண்ணே?"

"உங்களுக்காகச் சொல்றேன். நீங்க போயிட்டா எனக்கு யாருகூடப் பேச்சு? இந்தக் காய்ஞ்ச இலைகூடயா?"

அக்கா அந்தக் கோப்பைத் திறந்தார். அழிக்கிற எண்ணத்தோடுதான் திறந்தார், அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது. அமுக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு படத்தை மட்டும் கடைசியாகப் பார்ப்போம் என்று பெரிதாக்கினார்.

பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். அந்த இலையின் ஓரத்தில் எங்கே பூச்சி நிறுத்தியது, எங்கே தன் கை ஆரம்பித்தது என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. நரம்பு ஒவ்வொன்றும் தானே வளர்ந்த மாதிரி போய் முடிந்திருந்தது. அடுத்த படத்தைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். 'அடேயப்பா, இதை நானா பண்ணேன்?' என்று நினைத்தார். தான் இதுவரை செய்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. மாப்பிள்ளைகளின் கன்னமெல்லாம் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. இதைப் போய் அழிப்பதா? யாரோ பண்ணியதாக இருந்தால்கூட அழிக்க மனசு வராதே!

நேர்மை, நியாயம் என்று அக்காவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அன்று மதியம் அவரைத் தடுத்தது அதெல்லாம் இல்லை. சுத்தமான தொழில் கர்வம். ஸ்டுடியோ படங்களுக்குப் பின்னால் எப்போதும் கணவரின் பெயர் முத்திரைதான் விழுந்தது. அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும் தோன்றவில்லை. டச்சப் செய்தது வெளியே தெரிந்தால் அது நல்ல டச்சப்பே இல்லையே. ஆனால் இந்தப் படங்களை அழித்துவிட்டால், இந்தக் கை என்ன செய்யும் என்பதற்கு உலகத்தில் எங்கேயும் ஒரு தடயம் இருக்காதே என்று நினைத்து, பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

"என்னக்கா, அழிச்சாச்சா?"

"சும்மா இருங்கண்ணே," என்று சொல்லிவிட்டு அக்கா குறிப்பை எழுத உட்கார்ந்தார். 'இலைகளில் பூச்சி கடித்த பகுதிகள் கணினியில் நிரப்பப்பட்டுள்ளன. உள்ளபடி எடுத்த படம் பக்கத்தில் உள்ளது. நிரப்பியவர்' என்று அடித்து, பக்கத்தில் தலைப்பெழுத்தோடு தன் முழுப் பெயரையும் அடித்தார். தேதியும் போட்டார். பிறகு ஒவ்வொரு படத்தோடும் அதைச் சேர்த்தார். அறையைப் பூட்டும் வரைக்கும் அந்த வேலைதான்.

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் கணக்குப் பிரிவுக்காரர். செடியென்றால் வராந்தாவில் இருக்கும் தொட்டிகளுக்குத் தண்ணீர்ச் செலவு எவ்வளவு என்கிற அளவில் தெரிந்தவர். திரையில் ஒரே செடிக்கு இரண்டு படங்கள் இருப்பதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ஏன் ரெண்டு ரெண்டா இருக்கு?"

மேடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. தலைவர் குறிப்பை உரக்கப் படித்தார். நிரப்பியவர் பெயர் வந்ததும் தலையை உயர்த்தி, "இது யாரு?" என்றார்.

"நான்தான் சார்," என்று அக்கா ஓரடி முன்னால் வந்தார்.

"ஆவணத்துல கை வச்சதா நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. உங்களை நிரந்தரம் பண்ணா, நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க?"

நியாயமான கேள்விதான். அக்கா அந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். போயிற்று என்று நினைத்தார். அவருக்கு அழுகை வரும் போலிருந்தது, ஆனால் இந்தக் கணக்குப்பிள்ளைக்கு முன்னால் அழுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பூச்சிப் பொண்ணு பின்னால் இருந்த இன்னொரு கணினியில் இருந்தாள். வந்தவர்களுக்குப் படம் மாற்றிக் காட்டுவதற்காக அவளை உட்கார வைத்திருந்தார்கள். அவள் கொஞ்ச நேரமாகவே யார் பேசுவதையும் கேட்கவில்லை. இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"கழிச்சா வந்துருமே!" என்று கத்தினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் மறுபடி உட்கார்ந்து, முழு இலைப் படத்தின் மேல் கடிபட்ட இலைப் படத்தை வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாள். இலை மறைந்தது. கறுத்த திரையில் பூச்சி தின்ற துண்டுகள் மட்டும், பிறைகளும் வட்டங்களுமாக, வெள்ளை வெளேரென்று மிஞ்சின.

"இத்தனை நாளா கடியை எண்ணிட்டுத்தான் இருந்தேன். எவ்வளவு தின்னுச்சுன்னு அளக்க முடியல. முழு இலை எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே அளக்க முடியும்? அதைத்தான் எல்லாரும் குத்துமதிப்பா போட்டுட்டு இருக்கோம். இவங்க வரைஞ்சே வச்சிருக்காங்க மேடம்! வரிசை முழுக்க!" அவளுக்கு மூச்சு வாங்கியது. அக்கா பக்கம் திரும்பி, "நல்லவேளை, நீங்க அழிக்கல," என்றாள்.

பசைக்காரர் பசைக் கிண்ணத்துக்குள் தலையை விட்டுவிடுவது போலக் குனிந்துகொண்டார்.

தலைவர் திரைக்குப் பக்கத்தில் போய் அந்த வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தார். "முதல்ல இருந்தது, மிச்சம் இருக்கிறது, நடுவுல காணாமப் போனது," என்று விரலால் காட்டினார். "இது எனக்கே புரியுதே!" பிறகு அக்காவைப் பார்த்து, கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டார்: "இல்லாத இலை எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"ஒருத்தர் மூக்குல பாதி நிழல்ல போயிட்டா, மறுபாதியைப் பார்த்துப் போட மாட்டோமா சார்? அதே மாதிரிதான்."

தலைவர் தன்னையறியாமல் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மேடம் அப்போதுதான் பேசினார். அக்கா நிரப்புகிற வேலை தொடரலாம், ஆனால் உள்ளபடி எடுத்த படம் முதலில் பத்திரமாக இருக்க வேண்டும், நிரப்பியது தனியாக, குறிப்போடு இருக்க வேண்டும், அதற்குத் தான் பொறுப்பு என்றார். தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் தலையசைத்தார்கள். காகிதம் வந்து சேரக் கொஞ்ச நாள் ஆனது, ஆனால் நாற்காலி அன்றைக்கே அக்காவுடையதாகிவிட்டது. பசைக்காரர் அதன் ஆடுகிற காலுக்குப் பசை போட்டு ஒட்டித் தந்தார்.

படங்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்துவிட்ட அன்று, கணவர் பேனர் கடையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் போனை எடுத்து உட்கார்ந்தார். ஒரு இலையைப் பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எத்தனையோ வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த கை அது. அவருக்குக்கூட எங்கே ஒட்டு என்று தெரியவில்லை. கீழே இருந்த குறிப்பை ஒரு எழுத்து விடாமல் வாய்விட்டுப் படித்தார். மனைவியின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தடவை படித்தார்.

"நம்ம ஸ்டுடியோ படத்துக்குப் பின்னாடியும் இப்படி உன் பேரைப் போட்டிருக்கணும்," என்றார். "எனக்குத் தோணவே இல்ல பாரு."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையைத் தான் எதிர்பார்த்திருந்தது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவர் கையிலிருந்த போனை வாங்கித் தானும் ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"'முகத்தைச் சரிபண்ணியவர்'னு என் பேரைப் போட்டிருந்தா ஒருத்தராவது படத்தை வாங்கிட்டுப் போயிருப்பாங்களா?"